சூடான ஜாபும் மைக்ரோமீட்டரும்: தொழில்நுட்பத் திறன் பற்றாக்குறை குறித்து ஒரு பதில்

குடியாத்தத்திலிருந்து எழுதிய உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் பொறியியலும் டிப்ளமோவும் முடித்து வெளியே வரும் நாட்டில், தொழில்நுட்பம் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று நிறுவனங்கள் சொல்வது எப்படி, அதைத் தீர்க்க என்ன செய்ய வேண்டும் என்பது முதல் கேள்வி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துள்ள உங்கள் தம்பி, ராணிப்பேட்டையில் கிடைத்திருக்கும் தொழிற்பழகுநர் (அப்ரெண்டிஸ்) இடத்தில் சேருவதா, பெங்களூருக்குப் போய் மூன்று மாத சாஃப்ட்வேர் பயிற்சியில் சேருவதா என்பது இரண்டாவது. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவு ஆசிரியராகவும், பிறகு ராணிப்பேட்டைப் பகுதித் தொழிற்சாலை ஒன்றின் பயிற்சிப் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்னி நட்சத்திர நாட்களில் நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பி.இ. பட்டதாரி, கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. லேத்தில் பயிற்சியில் இருந்தார். 50 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட், ட்ராயிங்கின்படி அது 50.000 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, 49.975க்குக் கீழே இறங்கவும் கூடாது. அன்று சூட்டைத் தணிக்கும் கூலண்ட் குழாய் விலகியிருந்ததால் ஜாப், அதாவது கடைந்த அந்த உருப்படி, நன்றாகச் சூடேறியிருந்தது. அவர் அதைக் கழற்றி, துடைத்து, உடனே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார், 50.010 காட்டியது. அளவு கூடிவிட்டது என்று கருதி மிஷினில் வெட்டும் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டில் 0.02 குறைத்துவிட்டு, மிஷினை ஓட விட்டார். உண்மையில் முதல் ஜாபில் தவறே இல்லை. 50 மி.மீ. எஃகு, பட்டறையின் சூட்டைவிட 40 டிகிரி கூடுதலாக இருந்தால் ஏறத்தாழ 0.023 மி.மீ. விரிந்திருக்கும், ஆறிய பிறகு அது 49.987க்கு வந்து, சரியான அளவில் நின்றது. அடுத்து ஓடிய பத்து ஜாபும் ஆறியபின் 49.967 ஆகி, மொத்தமும் ரிஜெக்ட் ஆயின. பக்கத்து மிஷினில் இருந்த, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஆபரேட்டர் ஒவ்வொரு ஜாபையும் கழற்றி ஓரமாக வைத்து, ஆற விட்டுத்தான் அளந்துகொண்டிருந்தார்.

அந்தப் பட்டதாரிக்கு வெப்பவிரிவு தெரியாதா? நான் கேட்டபோது சூத்திரத்தைப் பிழையில்லாமல் சொன்னார், தேர்வில் எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுப் படிப்பில் ஒரு முறைகூடச் சூடான ஜாபைக் கையில் வாங்கி அளந்து பார்க்க அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிப்பும் அறிவும் அவரிடம் இருந்தன. தெரிந்தவர் ஒருவரின் அருகில் நின்று, தவறு செய்து, திருத்திக்கொள்ளும் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. நம் நாட்டின் திறன் பற்றாக்குறையில் பெரும்பகுதி இந்த இடத்தின் பற்றாக்குறைதான் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் ஊரில் குழித்தறியில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து லுங்கி நெய்யக் கற்றவர்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

மத்திய அரசின் 2015ஆம் ஆண்டு திறன் மேம்பாட்டுக் கொள்கை ஒரு கணக்கைத் தருகிறது. உழைப்பவர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் இந்தியாவில் 4.69 சதவீதம், ஜெர்மனியில் 75, ஜப்பானில் 80, தென்கொரியாவில் 96 சதவீதம். மேடையில் பலரும் எடுத்துக்காட்டும் இந்தக் கணக்கை ஒரு எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் மூத்தவர்களிடம் தோல் தரம் பிரிக்கக் கற்றவர், ஆற்காட்டில் ஒரு சிறு பட்டறையில் பத்து ஆண்டு வெல்டிங் செய்தவர் எவரும் இந்த 4.69இல் வரமாட்டார்கள். திறன் இருந்தும் சான்று இல்லாதவர்கள் அவர்கள். இன்னொரு பக்கம், சான்று இருந்தும் கையில் வேலை வராதவர்கள் இருக்கிறார்கள். இவ்விரு கூட்டத்தாருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. முதல் கூட்டத்தாருக்கு அவர்கள் கற்றதைச் சோதித்துச் சான்றளித்து, விட்டுப்போன கணிதத்தையும் ட்ராயிங் படிப்பதையும் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். இரண்டாவது கூட்டத்தாருக்குப் பட்டறை வேண்டும்.

“ஆள் கிடைக்கவில்லை” என்ற பேச்சையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில வேலைகளுக்கு உண்மையிலேயே ஆள் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் தானியங்கி லைன் நின்றுபோனால் அதை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் நிரலைத் திறந்து எந்த சென்சார் சிக்னல் தரவில்லை என்று கண்டுபிடிக்கக்கூடிய எலக்ட்ரீஷியன்களை, எங்கள் பகுதியில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பல இடங்களில், ஆள் இல்லை என்பதற்கு அந்தச் சம்பளத்துக்கு ஆள் இல்லை என்பதே பொருள். வேலைக்கு ஏற்ப மிஷினை அமைத்துக்கொடுக்கும், மூன்று ஆண்டு அனுபவமுள்ள சி.என்.சி. செட்டருக்கும் புதிதாக வந்த பேக்கிங் தொழிலாளிக்கும் இரண்டாயிரம் ரூபாய் கூட வித்தியாசம் வைக்காத நிறுவனம், அவர் ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விட்டார் என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. திறனுக்குக் கூலி உயராத ஊரில் திறனைக் கற்க எந்த இளைஞரும் இரண்டு ஆண்டுகளைச் செலவிட மாட்டார். எந்த அரசுத் திட்டத்தாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. அதை முதலாளிகள்தான் அடைக்க வேண்டும்.

அரசுத் திட்டங்களின் கதைக்கு வருவோம். 2009ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை, 2022க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தது. அவ்வளவு பெரிய எண்ணை எட்டுவதற்கு ஒரே வழி பயிற்சியைக் குறுக்குவதுதான். 2015இல் வந்த பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் குறுகிய காலப் பயிற்சிகள் பெரும்பாலும் 150 முதல் 300 மணி நேரத்துக்குள் முடிந்தன. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் படிப்பு முழுதாக இரண்டு ஆண்டுகள். அதிலும் அரம் பிடித்து ஒரு இரும்புக் கட்டையைச் சமதளமாக்கவே மாணவருக்குப் பல வாரங்கள் ஆகும். மத்திய அரசு 2016இல் அமைத்த சாரதா பிரசாத் குழு, இந்த எண்ணிக்கை ஓட்டத்தைக் கடுமையாகவே விமர்சித்தது. சில்லறைக் கடையில் விற்பனை, அழகுக்கலை போன்றவற்றுக்குக் குறுகிய பயிற்சி பொருந்தலாம். பாய்லர் வெல்டிங்குக்குப் பொருந்தாது. பி.எச்.இ.எல். நிறுவனத்தின் ராணிப்பேட்டை ஆலையில், அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் கருவிகளைச் செய்யும் வேலையை அருகிலிருந்து பார்த்த எவரும் ஒரு வெல்டர் முந்நூறு மணி நேரத்தில் உருவாகிவிடுவார் என்று சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் பற்றாக்குறையை யார் எப்படித் தீர்த்திருக்கிறார்கள்? நம் வேலூரிலேயே அதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு, இன்றைய சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கியபோது, பெண்களுக்கு மருத்துவம் பார்க்கப் பெண் மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ கிடைப்பது அரிது. அவர் வெளியிலிருந்து ஆட்களைத் தேடிக்கொண்டே இருக்கவில்லை. 1909இல் செவிலியர் பயிற்சியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கி, வேலை நடக்கும் இடத்திலேயே ஆட்களை உருவாக்கினார். இன்றும் அங்கே ஆய்வகம், கதிரியக்கம், டயாலிசிஸ் பிரிவுகளுக்கான தொழில்நுட்பப் படிப்புகள் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே நடக்கின்றன. கற்பவர், கற்றுத்தருபவர், இயந்திரம், உண்மையான வேலை நான்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தகவல் தொழில்நுட்பத் துறை வளர்ந்த விதமும் இதுவே. கல்லூரியிலிருந்து வருபவருக்கு நிரல் எழுதத் தெரியும் என்று அந்த நிறுவனங்கள் எதிர்பார்க்கவில்லை. எந்தப் பிரிவில் படித்தவரையும் எடுத்து, மைசூரு வளாகத்தில் இன்ஃபோசிஸ் செய்ததைப் போல மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்துப் பயிற்றுவித்தன. ஜோஹோ இன்னும் ஒரு படி மேலே போய், பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களை உதவித்தொகையோடு தன் பள்ளியிலேயே பயிற்றுவித்து வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

பெரிய நிறுவனத்தால் முடியும், இருபது பேர் வேலை செய்யும் பட்டறையால் முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி, இந்தப் பிரச்சினையின் கடினமான முடிச்சும் அதுதான். சிறிய பட்டறை ஒருவரை இரண்டு ஆண்டு பழக்கினால், பக்கத்துக் கம்பெனி மாதம் மூவாயிரம் கூடக் கொடுத்து அவரை அழைத்துக்கொள்ளும். பழக்கியவருக்கு நஷ்டம், பழக்காதவருக்கு லாபம் என்றால், எல்லாரும் பழக்காதவராகவே இருக்க விரும்புவார்கள். ஜெர்மனி இதைச் சட்டத்தாலும் கூட்டு ஏற்பாட்டாலும் சமாளிக்கிறது. அங்கே 300க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு ஒரே தரமான பாடத்திட்டமும் தேர்வும் இருக்கின்றன. பயிலுநர் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் நிறுவனத்திலும் மீதி நாட்கள் தொழிற்பள்ளியிலும் இருப்பார். தனியாக முழுப் பயிற்சியும் தர முடியாத சிறு நிறுவனங்கள் தங்கள் பயிலுநரைப் பொதுப் பயிற்சி மையத்துக்கு அனுப்பும். எல்லா நிறுவனங்களும் பயிற்சியில் பங்கெடுத்தால், ஒருவர் இங்கிருந்து அங்கே போனாலும் மொத்தக் கணக்கில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை எடுத்தாக வேண்டும். நான்கு பேர் இருந்தாலே விருப்பத்தின் பேரில் எடுக்கலாம். 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்கத் திட்டத்தில், உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே தருகிறது. காகிதத்தில் இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் நான் பயிற்றுவித்து அனுப்பிய மாணவர்களில் மூன்று பேர், ஒரு நிறுவனத்தில் ஓராண்டு முழுவதும் பெட்டி ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அவர்களின் பயிற்சிக் குறிப்பேட்டில் மில்லிங், கிரைண்டிங், அசெம்பிளி என்று வாரந்தோறும் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. அந்த மூவரில் ஒருவர் பிறகு இந்தத் தொழிலுக்கே வரவில்லை. அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் தீரவில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கணக்கெடுக்கும் அரசு, அவர்கள் என்ன கற்றார்கள் என்று வெளியாளை வைத்துச் சோதிக்காதவரை, இந்தச் சட்டம் மலிவான கூலிக்கே வழி செய்யும்.

ஆகவே ராணிப்பேட்டை, ஆம்பூர் போன்ற தொழில் ஊர்களில் சிறு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பொதுப் பயிற்சிப் பட்டறைகள் வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். இடமும் இயந்திரமும் அரசு தரட்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணமும், மாதத்தில் சில நாட்களுக்குத் தன் சிறந்த செட்டரையும் தரட்டும். தேர்வை மட்டும் அந்த நிறுவனங்களின் கையில் விடக் கூடாது.

இயந்திரங்களைப் பொறுத்தவரை தமிழ்நாடு பின்தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877.43 கோடி ரூபாய்த் திட்டத்தில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து மேம்படுத்தி, ரோபோவும் சி.என்.சி.யும் கொண்டுவந்திருக்கிறார்கள். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குக் கூடுதல் பயிற்சிகளைத் தருகிறது. இவற்றை மனதார வரவேற்கிறேன். எனக்குள்ள கவலை ஆசிரியரைப் பற்றியது. இயந்திரத்தை டெண்டர் விட்டு ஆறு மாதத்தில் இறக்கிவிடலாம். அதன் அருகில் நின்று கற்றுத்தரும் ஆசிரியரை உருவாக்கப் பத்து ஆண்டுகள் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கற்ற லேத்தையே இருபது ஆண்டுகள் கற்றுக்கொடுத்தேன். தொழிற்சாலைக்குப் போன பிறகுதான் வெளியே தொழில் எவ்வளவு மாறிவிட்டது என்று கண்டேன். ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்கு ஒரு மாதமாவது சம்பளத்தோடு தொழிற்சாலையில் வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கினால், எந்தப் புதிய பாடத்திட்டத்தையும்விட அது அதிகப் பயன் தரும். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெறும் ஃபோர்மேன்களை, பட்டம் இல்லை என்று ஒதுக்காமல் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும்.

மொழியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சென்னையில் உள்ள நிமி எனப்படும் தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் தொழிற்பயிற்சிப் புத்தகங்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. அது பெரிய உதவி. ஆனால் இயந்திரத்தின் திரையில் வரும் பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வரும், கையேடு சில சமயம் சீன மொழியிலோ ஜப்பானிய மொழியிலோ இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தில் வீட்டில் உருது பேசும் தொழிலாளர்கள் ஏராளம். அதிகம் வரும் அலாரம் செய்திகள், அவற்றின் பொருள், முதலில் சரிபார்க்க வேண்டியவை ஆகியவற்றைத் தமிழில் எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். அதன் பிறகு எங்கள் பிரிவில் சின்னச் சின்னக் கோளாறுகளுக்காக மெயின்டனன்ஸ் ஆளுக்குக் காத்திருக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. செலவு, ஒரு லேமினேஷன் அட்டைக்கான காசுதான்.

பெண்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளின் பஸ்கள் விடியற்காலையில் கிராமம் கிராமமாக நின்று ஏற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் பெண்களைத்தான். ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் பிரிவில் பதினைந்து ஆண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு எந்தத் தோல் எங்கே இழுக்கும், எந்த வளைவில் ஊசி தடுமாறும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் கணினியில் பேட்டர்ன் வரைபவர், தானியங்கி கட்டிங் மிஷினை ஓட்டுபவர், தையல் மிஷினைப் பழுதுபார்ப்பவர் என்று ஆள் தேடும்போது அந்தப் பெண்ணை யாரும் நினைப்பதில்லை. வெளியூரிலிருந்து ஒரு இளைஞரைத் தேடுகிறார்கள், அவர் ஓராண்டில் போய்விடுகிறார். அந்தப் பெண்களில் நூறில் ஐந்து பேருக்கு, வேலை நேரத்திலேயே, ஆறு மாதம் கணினிப் பயிற்சி கொடுத்தாலே இந்தப் பகுதியின் பற்றாக்குறையில் பெரும்பங்கு தீரும் என்று நம்புகிறேன். மாலை வகுப்பு வைத்தால் அவர்களால் வர முடியாது. கம்பெனி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக வேறு வழி இருக்காது.

வரப்போகும் தேவையை முன்கூட்டிக் கணிப்பதில் நாம் பலவீனமாகவே இருக்கிறோம். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பாழானதைக் குறித்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியபோது, சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரே சமயத்தில் அவசரமாகத் தேவைப்பட்டன. கட்டடங்களை எழுப்பினார்கள், அவற்றை இரவு பகலாக ஓட்டவும், நீரை ஆய்வு செய்யவும் தெரிந்த ஆட்களை யாரும் தயாரித்து வைத்திருக்கவில்லை. ராணிப்பேட்டை மாவட்டப் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 5,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். நமக்குத் தேவையான கணக்கு அந்த ஐயாயிரத்துக்குள் இருக்கிறது: ரோபோ வெல்டிங் பராமரிப்புக்கு எத்தனை பேர், உயர் மின்னழுத்த பேட்டரியைப் பாதுகாப்பாகக் கையாள எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரை வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் பக்கத்துப் பிள்ளைகளிலிருந்து இன்றே தயாரிக்கத் தொடங்கலாம். தேசிய அளவில் கோடிக்கணக்கில் இலக்கு வைப்பதைவிட, மாவட்டத்துக்கு மாவட்டம், தொழிலுக்குத் தொழில் இப்படி எண்ணுவதே பயன் தரும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கான ஏற்பாட்டில் சிங்கப்பூரை நாம் கவனிக்கலாம். அந்நாடு 2016இல் 25 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் பயிற்சிக்கென்று 500 சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியது. 2024இல் 40 வயது நிரம்பியவர்களுக்கு மேலும் 4,000 டாலர் சேர்த்தது. நாற்பது வயதில் ஒருவரின் தொழில் பழையதாகிவிட்டால், அதை அவர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லாவிட்டாலும், அந்த எண்ணத்துக்குப் பணம் தேவையில்லை.

இனி உங்கள் தம்பியைப் பற்றி. சாஃப்ட்வேர் வேலையை நான் தாழ்வாக நினைக்கவில்லை. அவருக்கு அதில் உண்மையான ஈடுபாடு இருந்து, ஏற்கெனவே தானாகச் சிறிது நிரல் எழுதிப் பார்த்திருந்தால் தாராளமாகப் போகட்டும். நண்பர்கள் போகிறார்கள் என்பதற்காக, கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தி, மூன்று மாத வகுப்பை நம்பிப் போகவேண்டாம். ராணிப்பேட்டை இடத்தைப் பொறுத்தவரை, சேருவதற்கு முன் அவர் நேரில் போய்ச் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்குக் கற்றுத்தரப் போகிறவர் யார், அவரைப் பார்க்க முடியுமா. ஓராண்டில் எந்தெந்தப் பிரிவுகளில் எத்தனை வாரம். ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகிறதா. 2019 விதிகள் டிப்ளமோ முடித்தவருக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அதற்குக் குறைவாகச் சொன்னால் அங்கே சேரவேண்டாம்.

சேர்ந்த பிறகு, அன்றன்று செய்த வேலையைச் சொந்தமாக ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வரட்டும். நிறுவனத்தின் குறிப்பேட்டில் வேறு எதையாவது எழுதிக் கையெழுத்து கேட்டால் போடவேண்டாம். இரண்டு மாதத்துக்கு மேல் மிஷின் பக்கமே விடாமல் பெட்டி ஒட்ட வைத்தால், அந்த நோட்டின் நகலோடு சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்துக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று நான் சொல்லித் தருகிறேன்.